சிவனேஸ்வரி அக்காவின் செவ்வந்திச் சுவர்

சிவனேஸ்வரி அக்காவுக்கு ஒரு சுவர் வேண்டும். வீடு கேட்டால் வங்கியைக் காட்டலாம். வேலை கேட்டால் ஆளைக் காட்டலாம். சுவர் கேட்டால் மனிதன் எங்கே போவது? அதுவும் உட்சுவர் அல்ல. மழையும் வெயிலும் படுகிற, தெருவால் போகிற சனம் நிமிர்ந்து பார்க்கிற வெளிச்சுவர். இதை அவர் என் காதில் ஓதி ஓதியே என் பாதித் தலைமயிர் போனது.

நான் சிவபாலன். மெல்பேர்னில், டண்டினொங் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். இடியப்ப மா, ஒடியல், ஊர் மிளகாய்த்தூள், ஐஸில் வைத்த திருக்கை, எல்லாம் இருக்கும். பொறுமை மட்டும் கிடையாது. "உங்கட வாய்க்கு இந்தக் கடைக்குச் சனம் வாறதே பெரிசு" என்று என் மனைவி சுஜீவா சொல்லுவாள். கடையின் பக்கச் சுவரோரம் கார் விடச் சில இடங்கள் எனக்கு உண்டு. அந்த இடங்களுக்காக நான் சண்டை பிடிக்காத ஆள் இந்தத் தெருவில் இல்லை. சாமான் வாங்காமல் காரை விட்டுவிட்டு ரயில் ஏறிப் போகிறவனைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அக்கா ஒரு இடத்தில் நிற்க மாட்டார். காசு கட்டுகிற வரிசையில் நிற்கும்போதே கை போய் என் வெங்காயத்தைப் பெரிது சிறிதாகப் பிரிக்கும். தகரப் பேணிகளையெல்லாம் முகம் முன்னால் தெரியத் திருப்பி வைப்பார். கதிரை போட்டுக் கொடுத்தால் அதன் நுனியில் குந்திவிட்டு, தேத்தண்ணி ஆற முதலே எழும்பி விடுவார்.

"அக்கா, உங்களுக்கு நான் சம்பளம் தரவேணும் போல கிடக்கு" என்பேன்.

"சம்பளம் வேண்டாம், சுவரைத் தாரும்" என்பார்.

ஊரில் முல்லைத்தீவுப் பக்கம் சித்திர ரீச்சராக இருந்தவர். கணவர் தவராசா அண்ணைக்குச் சங்கக் கடையில், அதுதான் கூட்டுறவுக் கடையில், வேலை. சண்டை முடிகிற நேரம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்து வெளியே வந்தார்கள். வரிசையில் நின்ற இடத்தில் ஆமிக்காரர் ஆண்களை ஒரு பஸ்ஸிலும் பெண்களை ஒரு பஸ்ஸிலும் ஏற்றினார்கள். பெண்களின் பஸ் முகாமுக்கு வந்து சேர்ந்தது. மற்ற பஸ்ஸைப் பற்றி இன்றுவரை ஒருவரும் அவருக்கு ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு கடல், தடுப்பு முகாம், விசா இழுபறி எல்லாம் பட்டு மெல்பேர்னுக்கு வந்து, நகரத்தில் ஒரு நூலகத்தில் விடியற்காலைத் துப்புரவு வேலை செய்கிறார்.

அக்கா பொட்டு வைக்கிறார். கேரம் டவுன்ஸ் கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது, தவராசா, உத்திராட நட்சத்திரம் என்று உரத்துத்தான் சொல்லுவார். அர்ச்சனை உயிரோடு இருக்கிற ஆளின் பேருக்குச் செய்வது. பக்கத்தில் நிற்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அவர் வீட்டு ஹோலிலும் அண்ணையின் படம் இருக்கிறது. மாலை இல்லை, விளக்கு இல்லை, டீவி ரிமோட் வைக்கிற தட்டில் சும்மா சாய்த்து வைத்த படம். போகிற நாங்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு வருவோம். அதைப் பற்றி என்னத்தைக் கதைப்பது?

சுவர்ப் பைத்தியம் பிடித்தது அந்த நூலகத்தில்தான். பழைய புத்தகங்களைக் கழிக்கிற தள்ளுவண்டியில் ஒரு தடித்த படப்புத்தகம் கிடந்திருக்கிறது. மெக்சிக்கோ நாட்டு ஓவியர்கள். அதை ஒரு கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார். வந்த சூட்டோடு என் கவுண்டரில், நான் நிறுத்து வைத்த பருப்புக்கு மேலேயே விரித்துக் காட்டினார். சுவர் சுவராகச் சனம். சோளம் அரைக்கிற பெண்கள், பூக்கூடை சுமக்கிறவன், தொழிற்சாலையில் நெம்புகோல் இழுக்கிறவன். ஒருவரும் கமராவுக்குச் சிரிக்கவில்லை. எல்லாரும் வேலையில் இருந்தார்கள்.

"பாரும் தம்பி, இவையள் காசுக்காரன்ர வீட்டுக்குள்ள மாட்ட எண்டு கீறேல்லை. போறவாற சனம் பார்க்கவெண்டு அரசாங்கக் கட்டடச் சுவர், பள்ளிக்கூடச் சுவர் எண்டு கீறியிருக்கினம். ரிக்கெட் இல்லாம."

அன்று தொடக்கம் அந்த ஓவியர்கள் எல்லாரும் அவருக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்கள். "டியேகோ ரிவேரா ஒரு சாப்பாட்டு ராமன், பொம்பிளையள் விசயத்திலயும் மோசம். ஆனால் சனத்தைக் கீறினான் எண்டால் சனம்தான்" என்பார். ஒரோஸ்கோவுக்கு இளந்தாரி வயதிலேயே இடது கை வெடிமருந்தில் போய்விட்டதாம், ஒற்றைக் கையோடு பலகையில் ஏறி நின்று முழு மண்டபங்களைக் கீறியிருக்கிறார். ஃபிரீடா காலோ பஸ் விபத்தில் உடைந்துபோய்க் கட்டிலில் படுத்தபடியே கீறத் தொடங்கியவர். அவரது படம் போட்ட பை ஒன்று சுஜீவாவிடம் இருக்கிறது. அதில் கத்தரிக்காய் வாங்கி வருவாள். "அந்த மனிசியைப் பையிலயும் கப்பிலயும் ஒட்டி வைச்சுப் போட்டு அவ பட்ட பாட்டை ஒருத்தரும் பார்க்கிறேல்லை" என்று அக்காவுக்குக் கோபம்.

அக்காவுக்கு உயிர் மரியா இஸ்கியெர்தோ. அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்தப் பெண்ணுக்கு 1945இல் மெக்சிக்கோ நகரத்தில் பெரிய அரசாங்கக் கட்டடம் ஒன்றில் சுவர் தருவதாக ஒப்புக்கொண்டு, பிறகு பறித்துவிட்டார்கள். அவருக்குச் சுவரில் கீறிப் பழக்கம் போதாது என்று சொன்னவர்களில் ரிவேராவும், அவரைப் போலவே பேர் பெற்ற சுவரோவியர் சிக்கெய்ரோஸும் இருந்தார்கள். அக்கா இதைச் சொல்லும்போது பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்கிற மாதிரி மூச்சு வாங்குவார். "சுவரைத் தந்தால்தானே பழக்கம் வரும்? இதென்ன நியாயம்?"

எங்கள் ஊர்ச் சங்கம் இங்கே மண்டபம் கட்டி முடித்தபோது அக்கா கூட்டத்துக்குப் போனார். பின்சுவர் வெறுமையாக இருக்கிறது, நான் கீறித் தருகிறேன், கூலி வேண்டாம் என்றார். தலைவர் தொண்டையைச் செருமினார். "அக்கா, நீங்கள் பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு மாம்பழமும் பூச்சாடியும் படிப்பிச்சனீங்கள். இது பெரிய சுவர். பழக்கம் உள்ள ஆள் வேணும்." ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சுவரில் யாழ்ப்பாண நூலகத்தின் போட்டோ ஒன்றைப் பிளாஸ்ரிக்கில் அச்சடித்து ஒட்டினார்கள். முதல் கோடைக்கே அது கொப்புளித்துவிட்டது.

தலைவர் மறுத்த அன்று, கூட்டம் முடிந்து அக்கா நேரே என் கடைக்கு வந்தார். அழவில்லை. கடைக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். அரிசி மூட்டையைச் சுற்றி நடந்தார். "மரியாவுக்குச் செய்ததை எனக்கும் செய்து போட்டாங்கள்" என்றார். பார்க்கப் பார்க்க எனக்குத் தலை சுற்றியது.

"அக்கா, முதல்ல நடக்கிறதை நிப்பாட்டுங்கோ. என்ர பக்கச் சுவரை எடுங்கோ" என்றேன்.

நான் பெரிய மனதுக்காரன் என்று நினைக்க வேண்டாம். பொடியன்கள் ஸ்பிறேயால் அந்தச் சுவரில் கிறுக்குவதும், அழி அழி என்று கவுன்சில் எனக்குக் கடிதம் போடுவதும் ஓயாத கதையாக இருந்தது. படம் இருந்தால் கிறுக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். கட்டட உரிமையாளரான கிரேக்கக் கிழவரிடமும் கேட்டேன். உன் தலைவலி என்று சொல்லிவிட்டார்.

நிபந்தனைகளை மட்டும் கறாராகச் சொன்னேன். "தலைவர் வேண்டாம், கொடி வேண்டாம். புலியும் வேண்டாம், சிங்கமும் வேண்டாம். சாமியும் வேண்டாம், பிறகு சனம் செருப்பைக் கழட்டிப் போட்டு என்ர கார் இடத்தில கற்பூரம் கொளுத்தும்."

"சனத்தைக் கீறுறன்" என்றார் அக்கா. "உம்மட கடைக்கு வாற சனத்தை."

அந்தக் கோடை முழுவதும் எனக்கு நிம்மதி இல்லை. நூலக வேலை முடிந்து வருவார், ஏணியில் ஏறுவார், இறங்குவார், தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்று பார்ப்பார். தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்து, முதல் நாள் கீறியதை அழிப்பார். மெல்பேர்ன் வெயில் பத்து நிமிடத்தில் மழையாகும். அப்போது என்னையும் இழுத்துத் தார்ப்பாயைப் பிடிக்க வைப்பார். கடையில் ஆள் நிற்கிறது அக்கா என்றால், நிற்கட்டும் என்பார். சிக்கெய்ரோஸ் கார்களுக்கு அடிக்கிற பெயின்றையும் அதைப் பீய்ச்சுகிற ஸ்பிறே துவக்கையும் வைத்தே கீறியவராம். அக்காவும் ஒரு நாள் ஒரு ஸ்பிறே துவக்கை இரவல் வாங்கி வந்தார். காற்று திரும்பியது. பக்கத்தில் நின்ற சிறிதரனின் வெள்ளைக் காருக்கு நீலப் புள்ளி போட்டது.

சிறிதரனைச் சொல்ல வேண்டும். நாற்பதை எட்டுகிற பொடியன், ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வீடு இங்கே, வேலை நகரத்தின் அந்தத் தலைப்பில். இடையில் கடக்கிற பெரிய பாலத்து நெரிசலைத் திட்டாமல் என் கடைக்குள் அவன் கால் வைத்ததில்லை. கப்பலில் வந்தவன். தாய் வவுனியாவில். விசா ஒழுங்காகிற வரை போக வழியில்லாமல், தாயைக் கண்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஒற்றைப் பிள்ளை.

"அக்கா, இது என்ர கார், உங்கட மெக்சிக்கோ இல்லை!" என்று அவன் கத்தினான்.

"கத்தாதையும். உம்மைச் சுவரில போடுறன்" என்றார் அக்கா. அதோடு அடங்கிவிட்டான். பிறகு முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றான் கள்ளன்.

முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூட்டை தூக்குகிற நான், வயிறு உள்ளபடியே. மீன் நிறுக்கிற சுஜீவா. மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து மகளோடு இருக்கிற வள்ளியம்மா அன்ரி, சக்கரப் பையை இழுத்தபடி. ஃபோர்க்லிஃப்ட்டில் சிறிதரன். ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் தீப்பிடித்த மாதிரி செம்மஞ்சள் செவ்வந்தி, இந்தியாவில் செண்டுமல்லி என்கிற பூ. எங்கள் சாமிக்குப் போடுகிற அந்தப் பூ மெக்சிக்கோவிலிருந்தே உலகமெல்லாம் போனது என்று அக்கா சொன்னார். அங்கே வருடத்தில் ஒரு முறை இறந்தவர்களை அழைக்கிற நாளில் வீடெல்லாம் அந்தப் பூதானாம். நான் கேட்டேன், தலையை ஆட்டினேன். நிறம் தூக்கலாக இருந்தது, கடைக்கு ஆள் வந்தது, படம் எடுத்தது. எனக்கு அது போதும்.

பூவுக்கு நடுவில் முகம். எங்கள் சனத்துக்கு அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான். நாங்கள் இத்தனை பேர் மாதக்கணக்கில் அதற்குக் கீழே நின்று தேத்தண்ணி குடித்தோம். ஒருவரின் மண்டையிலும் அது ஓடவில்லை! முழுச் சுவராகப் பார்த்ததால் ஒரு திருவிழாவைப் போலத்தான் தெரிந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை சிறிதரன் வேலைக்குப் போகிற வழியில் சுவரில் இருக்கிற தன் முகத்தைப் போனில் படம் பிடித்து, அதை மட்டும் வடிவாக வெட்டி எடுத்து, பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் தன் படமாகப் போட்டான். வட்டத்துக்குள் அவன் முகம், சுற்றிவரச் செவ்வந்தி. கீழே ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், எழுதவில்லை. களஞ்சியத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். போனை லொக்கரில் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

வவுனியாவில் யாரோ அதைக் கண்டிருக்கிறார்கள். போன் எடுத்திருக்கிறார்கள், பதில் இல்லை. திரும்ப எடுத்திருக்கிறார்கள், பதில் இல்லை. லண்டனில் இருக்கிற மச்சான்காரன் ஆழ்ந்த அனுதாபங்கள் போட, அதற்குக் கீழே கனடா கைகூப்பியது. அங்கே மதியமாக முதலே தாயின் முற்றத்தில் வாடகைக் கதிரை வந்து இறங்கிவிட்டது. அந்த மனிசி மயங்கி விழுந்து, எழும்பி, திரும்ப விழுந்திருக்கிறார். என் போனும் அடித்தபடியே இருந்தது, கடையில் சனம் நிறைந்திருந்ததால் நான் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தபோது ஒரு குரல், "சிறிதரனுக்கு என்ன நடந்தது, கார் விபத்தே?" என்று அழுதது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில் பாண் வாங்கிக்கொண்டு போன பொடியன்! களஞ்சியத்துக்குப் போன் எடுத்தேன், இலக்கத்தை அமத்து என்று இயந்திரம்தான் பேசியது. அக்காவைக் கூப்பிட்டேன். ஏணியில் நின்றவர் அப்படியே இறங்கி, தூரிகையைக் கையில் பிடித்தபடி சுவரோரம் மேலும் கீழும் நடந்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முதல் கண்டதில்லை.

பின்னேரம் சிறிதரன் காரைக் குறுக்கே விட்டுவிட்டு ஓடி வந்தான். உயிரோடு! நான் கட்டிப்பிடிக்கப் போனேன், தள்ளிவிட்டான்.

"அம்மா என்னோட கதைக்கேக்க நான்தானோ எண்டு மூண்டு தரம் கேட்டவ அண்ணை! சின்னனில என்னைக் கூப்பிடுற பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்டவ! இது என்ன படம்? இது அஞ்சலி நோட்டீஸ்! உயிரோட இருக்கிறவனுக்கு ஆர் பூப் போடச் சொன்னது? அழியுங்கோ. முழுச் சுவரையும் அழியுங்கோ!"

படத்தைப் போட்டவன் நீதானே என்று கேட்க என் வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து ஊர் முழுக்க இதே கதை. அபசகுனம் என்றார்கள். சுஜீவா தன் முகத்தைப் பார்க்கவே பயந்து முன்வாசலால் போய்வந்தாள். சனிக்கிழமைச் சனம் பாதியாகக் குறைந்தது. வள்ளியம்மா அன்ரி ஒருவர்தான் சுவருக்கு முன்னால் பையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஐயோ, எனக்கு இந்தப் பூ இருக்கட்டும்லா. நான் போனா என் மக நல்ல போட்டோ தேடி அலைய வேணாம் பாருங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைப் பெயின்ற் பெரிய வாளியாக ஒன்று வாங்கி வந்து சுவரடியில் வைத்தேன்.

அக்கா வாளியைப் பார்த்தார்.

"ரிவேராட்ட நியூயோர்க்கில ஒரு முகத்தை எடுக்கச் சொன்னவை. மாட்டன் எண்டார். முழுச் சுவரையும் உடைச்சுப் போட்டினம்" என்றார். "சிக்கெய்ரோஸின்ர சுவருக்கு லொஸ் ஏஞ்சல்ஸில வெள்ளை அடிச்சவை. கன வருசத்துக்குப் பிறகு வெயிலில வெள்ளை தேய்ஞ்சு படம் திரும்ப வெளிய வந்தது."

"அக்கா, இது நியூயோர்க்கும் இல்லை, லொஸ் ஏஞ்சல்ஸும் இல்லை. என்ர கடை. இதிலதான் நான் சோறு தின்னுறன்."

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொறும். அதுக்குப் பிறகு உம்மட விருப்பம்" என்றார். கெஞ்சவில்லை. ஆனால் அவரது கண் வாளியை விட்டு நகரவில்லை. மரியாவிடம் பறித்ததைப் போல நானும் இந்தப் பெண்ணிடம் பறிக்கப் போகிறேனே என்று அன்று முழுவதும் என் மேலேயே எனக்குக் கோபம். அந்தக் கோபத்தைப் பாண் கொண்டுவந்தவன் மேல் காட்டினேன்.

ஞாயிறு காலை நான் போனபோது அக்கா ஏணியில் நின்றார். செவ்வந்தியை அழித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பூவுக்கு மேலேயும் ஆகாய நீலம். சிறிதரனின் பூ போய்விட்டது, சுஜீவாவின் பூவும் போய்விட்டது, என் தொப்பைக்கு மேலிருந்ததும் போய்விட்டது. வள்ளியம்மா அன்ரியின் பூவை மட்டும் அவர் கேட்டபடியே விட்டிருந்தார். பூ இல்லாமல் சனம் வேலைக்குப் போகிற சனமாகச் சுவரில் நின்றது. எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் கண்டேன். சுவரின் தெருப் பக்கத்து நுனியில், மழைநீர்க் குழாயோரம், ஒரு மெலிந்த மனிதர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். சங்கக் கடை மாச் சாக்கு கரியரில் கட்டியிருந்தது. இத்தனை நாள் ஏணியும் தார்ப்பாயும் சாத்தி மறைத்திருந்த இடம் அது. டீவித் தட்டில் சாய்த்து வைத்த அதே முகம். அவரைச் சுற்றி நீலம் புதிதாக அடித்திருக்கவில்லை. அங்கே அழிப்பதற்குப் பூவே இருக்கவில்லை.

"அக்கா, அண்ணைக்கு முதல்ல இருந்தே பூப் போடேல்லையா?"

"இல்லை."

"எல்லாருக்கும் போட்டனீங்கள்."

அக்கா இறங்கி வந்தார். தூரிகையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்களுக்குப் போட்டால் அது பூ, தம்பி. நீங்கள் நாளைக்கு வந்து கடை திறப்பியள். அவருக்குப் போட்டால் அது மாலையாப் போகும். அதை நான் என்ர கையால செய்யலாமோ? அதுதான் உங்களெல்லாருக்கும் அள்ளி அள்ளிப் போட்டனான். அவருக்குக் கிட்ட வரேக்க கை நிண்டிட்டுது."

சிறிதரனின் கார் வந்து நின்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இறங்கினான். கையில் போன், போனில் தாய். மகன் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உயிரோடு நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாராம். அவன் தன் முகத்தைக் காட்டினான், சுவர் முகத்தைக் காட்டினான். "பூவை எடுத்திட்டா அம்மா, பாருங்கோ." அப்படியே சுவர் நெடுகப் போனைக் கொண்டுபோனான். குழாயடியில் தாய் நிறுத்தச் சொன்னார்.

"அந்தச் சைக்கிளோட நிக்கிறவர் ஆர்?"

அக்காதான் போனை வாங்கினார். "என்ர அவர், அம்மா. 2009இல இருந்து தெரியாது."

அந்த அம்மா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து சொன்னார். "எனக்கு ஒரு பகல், பிள்ளை. ஒரேயொரு பகல். அதுக்குள்ள நான் செத்துப் பிழைச்சன். எனக்குப் பொய்ச் செய்தி எண்டாலும் ஒண்டு வந்தது. உனக்கு அதுவும் வரேல்லையே, என்ர ராசாத்தி."

அக்கா போனைச் சிறிதரனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அழுதார். என் கடைக்கு வரத் தொடங்கிய இத்தனை வருடத்தில் அன்றுதான் அவர் அழக் கண்டேன். சிறிதரன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவனுக்கும் முகம் கோணியது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் வெள்ளை வாளியின் பிடியை நிமிர்த்தினேன், மடித்தேன்.

அழுது முடிந்த கையோடு அக்காவால் நிற்க முடியவில்லை. வழக்கம்போல அங்கும் இங்கும் நடந்தார். மிஞ்சின செம்மஞ்சள் பெயின்ற் பேணியைக் கண்டார். அதைத் தூக்கிக்கொண்டு சுவரின் நுனிக்குப் போய், சைக்கிளின் சில்லுக்கு நேர் கீழே முழந்தாளில் குந்தினார். தார்த் தரையில் தூரிகையால் ஒரு இதழ் வைத்தார். பக்கத்தில் இன்னொன்று. பிறகு கை ஓடத் தொடங்கியது. இதழ் இதழாக, சுவரடியிலிருந்து தெருவை நோக்கி, சரியாக என் கார் இடத்துக்கு நடுவால்! எந்த நேரமும் சனம் காரை விடச் சண்டை பிடிக்கிற முதலாவது இடம் அது. நான் வாயைத் திறந்தேன்.

அவர் நிமிராமலே சொன்னார். "மெக்சிக்கோச் சனம் செத்தவையைக் கூப்பிடுற அந்த நாளில தெருவில இருந்து வாசல் மட்டும் இந்தப் பூவைத்தான் போடுவினம். செத்தவை வழி தெரியாம நிக்கக்கூடாதெண்டு. நான் அவர் செத்திட்டார் எண்டு சொல்லேல்லைத் தம்பி. எனக்குத் தெரியாது. ஆனால் வழி வழிதானே. உயிரோட வந்தாலும் இதாலதான் வரவேணும், அப்பிடி இல்லாட்டிலும் இதாலதான் வரவேணும். அவருக்கு வாசல் தெரிஞ்சால் காணும்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். சிறிதரன் போய், இதழ்கள் போகிற வழியில் நின்ற தன் காரை எடுத்துத் தெருவில் விட்டான். மழை தூறியது. நாங்கள் இரண்டு பேரும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் அதற்குக் கீழே கடைசி இதழ் வரை கீறி முடித்தார்.

சுவர் இருக்கிறது. சனம் திரும்பி வந்துவிட்டது. சங்கத் தலைவரும் வந்து அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார், வெட்கம் கெட்ட மனிசன். அக்கா இன்னும் வரிசையில் நிற்க மாட்டார். மழையில் தேய்ந்த இதழ்களைச் சனிக்கிழமைகளில் குந்தியிருந்து திருத்துவார், பிறகு உள்ளே வந்து என் வெங்காயத்தைக் குழப்புவார். வெள்ளைப் பெயின்ற் வீணாகவில்லை. அந்தக் கார் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, கார் விடக்கூடாது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் நானே எழுதினேன். என் எழுத்து கோணல், அக்கா பார்த்துச் சிரித்தார். மீறி விடுகிறவனுக்கு நான் போடுகிற சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்.

போன கிழமை ஒரு புதுப் பொடியன் கடைக்குள் வந்து, சனிக்கிழமையும் அதுவுமாக நல்ல இடத்தைச் சும்மா விட்டிருக்கிறீங்களே அங்கிள், யாருக்கு ரிசேர்வ் என்று கேட்டான்.

"ஒரு ஆள் சைக்கிளில வரவேணும். நீர் அங்கால விடும்" என்றேன்.